கடை எழும்புவதற்கு முன் எழும்பும் படம்: மலையகத்துக் கடைத்தொகுதிப் பதாகைகளில் எதைப் பார்க்க வேண்டும்?

ஏ7 வீதியில் கினிகத்தேனையிலிருந்து நுவரெலியா வரைக்கும் போனாலும் சரி, பெரகலையில் ஏறி ஹப்புத்தளை, பண்டாரவளை என்று போனாலும் சரி, தகரம் அடைத்த வெறுங்காணிக்கு முன்னால் ஒரு பெரிய பதாகை நிற்பது இப்போது பழகிய காட்சி. அதில் இரண்டு மாடிக் கட்டடம், கண்ணாடி முகப்பு, நீல வானம், வாசலில் ஒரு வெள்ளைக் கார். கீழே 'கடைகள் வாடகைக்கும் விற்பனைக்கும்' என்று ஒரு வரி, தொலைபேசி இலக்கம். இதே படம் ஃபேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றும்.

கட்டடம் இன்னும் இல்லை என்பது காணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதில் யாரும் ஏமாறுவதில்லை. ஆட்களுக்குக் குழப்பமாக இருப்பது வேறு விஷயம். உள்ளூராட்சி சபை அனுமதி கொடுத்தது இந்தப் படத்துக்கா? கட்டி முடித்த பிறகு கடை இப்படித்தான் இருக்குமா? இதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா? இன்னொரு பக்கம், ஆறேழு பேர்ச்சஸ் காணியில் சொந்தமாகக் கடை கட்டப் போகிறவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: இப்படி ஒரு படத்துக்குக் காசு செலவழிப்பது அவசியமா? இதற்கெல்லாம் பதில் சொல்ல, அந்தப் படம் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## படம் எப்படி உருவாகிறது

ரெண்டர் என்று தொழிலில் சொல்வது, கணினிக்குள் கட்டிய முப்பரிமாண மாதிரி ஒன்றின் மேல் வெளிச்சம் எப்படி விழும் என்று கணக்குப் போட்டு எடுத்த படத்தை. ஊரில் 'த்ரீ டி படம்' என்பார்கள். அது ஃபோட்டோ மாதிரியே தெரிந்தால் ஃபோட்டோரியல் ரெண்டர். வேலை ஏறத்தாழ இந்த வரிசையில் நடக்கும்:

1. மாதிரி. டிராஃப்ட்ஸ்மன் கீறிய பிளானை வைத்து ஸ்கெட்சப், ரெவிட், பிளெண்டர் போன்ற மென்பொருளில் சுவர், தூண், கூரை, ஷட்டர் எல்லாவற்றையும் அளவோடு எழுப்புவது. நேரம் அதிகம் பிடிக்கும் வேலை இதுதான். அதனால்தான் ஒரு படம் எடுத்த பிறகு அதே கட்டடத்துக்கு இரண்டாவது, மூன்றாவது கோணம் கேட்டால் விலை குறையும்.

2. மேற்பரப்பு. பெயிண்ட், கல், கண்ணாடி, தகரம் ஒவ்வொன்றுக்கும் நிறம் எது, எவ்வளவு சொரசொரப்பு, எவ்வளவு பளபளப்பு என்று எண்கள் கொடுப்பார்கள். புது வெள்ளைப் பெயிண்ட்கூட விழுகிற வெளிச்சத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாகப் போட்ட தார் வீதி 5 சதவீதம் அளவில். இந்த எண்கள் பிழைத்தால் படம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்.

3. வெளிச்சம். சூரியன் எங்கே, வானம் எப்படி, என்ன நேரம்.

4. கமரா. எங்கே நிற்கிறோம், எவ்வளவு உயரத்தில், எந்த லென்ஸ்.

5. கணக்கு. வெளிச்சக் கதிர்கள் சுவரில் பட்டு, தரையில் தெறித்து, கண்ணாடிக்குள் புகுந்து கமராவுக்கு வரும் பாதைகளைக் கணினி கோடிக்கணக்கில் சோதிக்கும். இதற்கான அடிப்படைச் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986இல் எழுதினார். அன்றைக்கு அது ஆய்வுகூட வேலை, இன்றைக்கு ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் வீட்டு மேசையில் நடக்கும். கதிர்கள் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். அந்த இரைச்சலைப் பாதியாக்க நாலு மடங்கு கதிர் வேண்டும். ஒரு படத்துக்கு மணிக்கணக்கு ஆவது இதனால்தான். லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் வகை மென்பொருட்கள் குறுக்கு வழிகளில் போய் இதை நிமிடங்களில் முடிக்கும்.

6. ஒப்பனை. கடைசியில் ஃபோட்டோஷொப். வானத்தை மாற்றுவது, ஆட்களை நிறுத்துவது, மரம் நடுவது.

ஐந்தாவது படியில் பொய் கிடையாது. கொடுத்த பொருட்களுக்கு வெளிச்சம் அப்படித்தான் விழும், கணினிக்கு யாரையும் ஏமாற்றும் நோக்கமும் இல்லை. மற்ற ஐந்து படிகளும் மனிதர் தெரிவு. கல்யாணத் தரகர் கொண்டு வரும் மாப்பிள்ளை ஃபோட்டோவிலும் இதுதான் நடக்கிறது: முகம் அவருடையதேதான், எந்தச் சட்டை, எந்தப் பக்கம், எந்த வெளிச்சம் என்பதை வேறு யாரோ முடிவு பண்ணியிருப்பார்கள்.

கொழும்பிலோ குருநாகலிலோ சமதரையில் கட்டும் கடைக்கு இந்தத் தெரிவுகள் பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்டவை. நிறம் கொஞ்சம் கூடும், மரம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். மலையகத்தில் கதை மாறுகிறது, ஏனென்றால் இங்கே பணத்தைத் தின்பதும் ஆபத்தைக் கொண்டு வருவதும் கட்டடத்தின் முகத்தைவிட அது நிற்கும் நிலம். படத்தில் வராததும் அதுதான்.

## படத்தில் தட்டையாகிவிடும் மலை

ஒரு சாதாரணக் கணக்கு. வீதியோரம் 10 மீட்டர் அகலம், உள்ளே 12 மீட்டர் ஆழம் என்று ஒரு கடைத்தொகுதி. காணி மூன்றுக்கு ஒன்று சரிவு, அதாவது மூன்று மீட்டர் உள்ளே போனால் ஒரு மீட்டர் ஏறும். ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் இதை யாரும் பெரிய சரிவு என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் வீதி மட்டத்தில் தரை போட வேண்டுமானால் பின்பக்கம் மலையை 4 மீட்டர் உயரத்துக்கு வெட்ட வேண்டும். அகற்றும் மண் சுமார் 240 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 85 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) அளவு, அதுவும் வெட்டுவதற்கு முன்னுள்ள அளவு. வெட்டித் தளர்ந்த மண் இன்னும் பெருகும். அந்த 4 மீட்டர் வெட்டுமுகத்தைத் தாங்க ஒரு தடுப்புச் சுவர் வேண்டும், சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வரத் துளைகள் வேண்டும், மேலே மழைத்தண்ணீரை மறித்துத் திருப்ப ஒரு வடிகான் வேண்டும், அந்த வடிகான் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இவற்றில் எதுவாவது பதாகையில் தெரிகிறதா? வீதியிலிருந்து பார்த்தால் எல்லாமே கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்துவிடும்.

வீதிக்குக் கீழே இறங்கும் காணியானால் தலைகீழ்க் கதை. முன்னால் பார்க்க ஒரு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் நீண்ட தூண்களின் மேல் நிற்கும் மூன்று தட்டு. நம் நகரங்களில் இந்த மாதிரிக் கட்டடங்கள் ஏராளம், அவற்றில் தப்பொன்றும் இல்லை, ஒழுங்கான பொறியியலாளர் கணக்குப் போட்டிருந்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் கீழ்த்தட்டில் கடை எடுப்பவருக்கு வீதியிலிருந்து வரும் வாடிக்கையாளர் எத்தனை படி இறங்க வேண்டும் என்பது வாழ்வாதாரப் பிரச்சினை. படத்தில் அந்தப் படிக்கட்டு வாசலின் நிழலுக்குள் எங்கேயோ மறைந்திருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? எல்லா இடத்திலும் ஏமாற்று நோக்கம் இருக்கிறது என்று நினைக்கத் தேவையில்லை. பெரும்பாலும் சோம்பலும் தரவு இல்லாமையும்தான் காரணம். படம் செய்பவர் கண்டியிலோ கொழும்பிலோ உட்கார்ந்திருப்பார், அவருக்குப் போய்ச் சேர்வது ஒரு மாடிப்பிளானும் வட்ஸ்அப்பில் இரண்டு ஃபோட்டோவும். நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரியாததால் பச்சைத் தட்டையாக ஒரு தரையைப் போட்டு, அதன் மேல் கட்டடத்தை வைத்து, பின்னால் எங்கிருந்தோ எடுத்த மலைப் படத்தை ஒட்டிவிடுவார். கொஞ்சம் அக்கறையுள்ளவர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவை இறக்கிப் பார்ப்பார். ஆனால் அப்படி அதிகம் பயன்படும் தரவு 2000 பெப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதாவது ஒரு கட்டத்துக்குள் 35 பேர்ச்சஸ் அடங்கும். ஆறு பேர்ச்சஸ் காணியின் சரிவை அதில் தேடினால் கிடைக்காது.

சரியான வழி ஒன்றுதான்: உரிமம் பெற்ற நில அளவையாளர் எடுத்த சமவுயரக் கோட்டு வரைபடம், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் படம். அரை மீட்டருக்கு ஒரு கோடு இருந்தால் போதும், அதை வைத்து நிலத்தையும் மாதிரியாக எழுப்பலாம், எவ்வளவு வெட்டு, எவ்வளவு நிரப்பு என்று மென்பொருளே கணக்குச் சொல்லும். அந்த மாதிரியிலிருந்து எடுத்த படத்துக்கும் பச்சைத் தட்டையின் மேல் எடுத்த படத்துக்கும் பதாகையில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். கட்டும் செலவில் கட்டாயம் தெரியும்.

## வெயில் எங்கிருந்து வருகிறது

ரெண்டரில் சூரியனை வைப்பதற்கு இடம், திகதி, நேரம் மூன்றும் வேண்டும். இடத்தை யாரும் மாற்றாமல் விட்டால் மென்பொருள் தன் இயல்பான இடத்தை எடுத்துக்கொள்ளும். ஸ்கெட்சப்பில் அது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரம், வட அகலாங்கு 40 பாகை. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும், வடக்குப் பார்த்த சுவர் அநேகமாக நிழலில்.

நம் மலையகம் இருப்பது 7 பாகைக்குக் கிட்ட. ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குச் சற்று முன்னும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாயும், மற்ற மாதங்களில் தெற்கே சாயும். ஆகவே வடக்குப் பார்த்த கடை முகப்புக்கு ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை வெயில் உண்டு. இங்கேதான் ஊருக்கு ஊர் வித்தியாசம் வருகிறது. வட்டவளை, ஹட்டன் பக்கம் அந்த மாதங்கள் தென்மேல் பருவமழைக் காலம், வெயிலைக் காண்பதே அரிது. மலையின் மறுபக்கம், பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அதே ஜூன், ஜூலை வறண்ட காலம், வடக்கு முகக் கண்ணாடிக்குள் வெயில் நேராக வரும். ஒரே பிளான், ஒரே திசை, இரண்டு ஊர்களில் இரண்டு விதமான கடை. கேக் ஷோகேஸ் வைக்கிறவருக்கும் பாமசி வைக்கிறவருக்கும் இது அலங்கார விஷயம் அல்ல.

மேற்குப் பார்த்த முகப்பு இன்னும் மோசம். பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகையை ஒட்டி இருக்கும், அப்போது ஜன்னலுக்கு மேலே 1 மீட்டர் நீட்டிய தட்டு கண்ணாடியில் சுமார் 60 சென்டிமீட்டர்தான் நிழல் தரும். பதாகைப் படத்தில் அந்தத் தட்டு முழுக் கண்ணாடியையும் நிழலில் வைத்திருப்பதாகத் தெரிந்தால், அது காலை பத்து மணி வெயிலை வைத்து எடுத்த படமாக இருக்கலாம்.

அப்புறம் அந்தி நேரப் படம். வானம் கருநீலம், கடைக்குள்ளே மஞ்சள் வெளிச்சம், நனைந்த வீதியில் பிரதிபலிப்பு. விற்பனைக்கு இதைவிடச் சிறந்த நேரம் இல்லை, ஏனென்றால் கண்ணாடி வழியாக உள்ளே இருப்பதும் வெளியே கட்டடமும் சேர்ந்து நன்றாகத் தெரியும் நேரம் அது. நம் அகலாங்கில் அந்த வெளிச்சம் நீடிப்பது சுமார் இருபது நிமிடம். மிச்ச நேரம் பகலில் அதே கண்ணாடி வானத்தையும் எதிர்ப்பக்கக் கட்டடத்தையும் பிரதிபலித்துக் கறுப்பாக நிற்கும். அந்திப் படத்தோடு பகல் படமும் கேளுங்கள், அதிலும் மேகமூட்டமான பகல். நிழலே விழாத அந்தச் சாம்பல் வெளிச்சத்தில்தான் நுவரெலியாவில் உங்கள் கடை பாதி வருடம் நிற்கப் போகிறது.

## மழை, கூரை, பாசி

இந்தப் படங்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்று பெட்டி வடிவக் கடை. கூரையே தெரியாது, முன்னால் நேர்மட்டமாக ஒரு மறைப்புச் சுவர், அதில் அலுமினியம் கிளாடிங், அதாவது சுவரை மூடிப் பொருத்தும் தகடு. துபாய்ப் படத்தைப் பார்த்து வந்த பழக்கம். நிஜத்தில் அந்த மறைப்புச் சுவருக்குப் பின்னால் சரிவான தகரக் கூரை இருக்கும், கூரைத் தண்ணீர் சுவரை ஒட்டிய உள் பீலிக்குள் விழும். 150 சதுர மீட்டர்க் கூரையில் ஒரு மணி நேரத்துக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 7500 லீற்றர் தண்ணீர் அந்தப் பீலி வழியாகப் போக வேண்டும். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பீலியில் யூகலிப்டஸ் இலை நாலு அடைத்தால் தண்ணீர் வெளியே வழிய வழியில்லை, உள்ளே சீலிங்குக்குள்தான் இறங்கும். முன்னுக்கு நீட்டிய சாய்கூரையில் பீலி அடைத்தால் வீதியில் கொட்டும், சரக்கு நனையாது. பழைய மலையகக் கடைகளின் தாழ்வான முன்தகரத்தை அசிங்கம் என்று நினைக்கிறவர்கள் ஒரு ஜூலை மாதம் அதன் கீழ் ஒதுங்கிப் பார்க்கலாம்.

வெள்ளைச் சுவரும் அப்படித்தான். மேல்விளிம்பில் தண்ணீர் சொட்டி விழ ஒரு நீட்டல் இல்லாவிட்டால் இரண்டு பருவமழையில் கறுப்புக் கோடுகள் இறங்கும், கீழே பச்சைப் பாசி பிடிக்கும். ரெண்டர் எப்போதும் முதல் நாளின் படம்.

கிளாடிங் பற்றி இன்னொன்று. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. பொலிஎதிலின் என்ற பிளாஸ்டிக் வைத்த ரகம் தீயில் எரியும். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ பரவியதற்கு முக்கிய காரணம் அந்த வகைக் கிளாடிங். கனிமம் நிரப்பிய ரகமும் அதே நிறம், அதே பளபளப்பு. எந்த ரகம் என்பது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். கீழே கொத்து ரொட்டிக் கடை வருகிற கட்டடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

## கமரா எங்கே நிற்கிறது

கட்டட முகப்பு 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை முழுதாக ஒரே படத்தில் பிடிக்க, 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 62 பாகை அகலமான பார்வை வேண்டும், 30 மில்லிமீட்டர் லென்ஸ் அளவு. நம் நகரங்களில் எதிர்ப்பக்கம் போய் நின்றால் கிடைக்கும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். பதாகையில் கட்டடத்தோடு இரண்டு பக்கமும் புல்வெளியும் வானமும் தாராளமாக விரிந்து தெரிந்தால், கமரா எதிர்ப்பக்கக் கடைக்கு உள்ளேயோ, பள்ளத்தாக்கின் மேல் காற்றிலோ நிற்கிறது என்று பொருள். மின்கம்பமும் கம்பிகளும் எதிர்க்கடையும் அழிக்கப்பட்டிருக்கும். கண்மட்டம் தரையிலிருந்து 1.6 மீட்டர் என்று வைத்து எடுத்த படம்தான் நடந்து போகிறவர் காணும் காட்சி.

பிரிட்டனில் இதற்கு ஒழுங்குமுறை இருக்கிறது. அங்குள்ள நிலக்காட்சித் தொழில்முறையாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், பெரிய கட்டடத் திட்டங்களுக்குக் காட்டும் படத்தில் கமரா நின்ற இடம், லென்ஸ், எடுத்த திகதி எல்லாவற்றையும் பதியச் சொல்கிறது. உண்மையான ஃபோட்டோ ஒன்றின் மேல் அளந்து பொருத்திய படத்துக்குத்தான் அங்கே மதிப்பு. ஹட்டனில் நாலு கடை கட்ட அவ்வளவு தேவையில்லை, ஆனால் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து எடுத்த நிஜ ஃபோட்டோவுக்குள் கட்டடத்தைப் பொருத்திக் காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கை. தெரிந்த ஆளுக்கு அது ஒரு நாள் வேலை.

பெயர்ப்பலகையையும் கொஞ்சம் பாருங்கள். படத்தில் ஆங்கிலத்தில் மெலிந்த எழுத்தில் 'கஃபே' என்று ஒரு சொல் நிற்கும். நிஜத்தில் பெரும்பாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரு பலகையில் வரும், அதற்கு உயரம் வேண்டும். பலகைக்கு ஒதுக்கிய பட்டி ஓர் அடி உயரம்தான் என்றால், முதல் வாடகையாளர் வந்ததும் கண்ணாடிக்கு மேல் பெரிய போட் ஏறிவிடும், படத்தில் பார்த்த அழகும் அத்தோடு முடியும்.

## அனுமதி கிடைப்பது படத்துக்கு அல்ல

உள்ளூராட்சி சபைகள், நகர அபிவிருத்தி அதிகார சபை ஆகியவை அனுமதிப்பது வரைபடங்களை: மாடிப்பிளான், முகப்பு வரைபடம், குறுக்குவெட்டு (கட்டடத்தை நிலத்தோடு சேர்த்து வெட்டிப் பக்கவாட்டில் காட்டுவது), காணியில் கட்டடம் நிற்கும் இடம். 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனமான இடங்களில் அபிவிருத்தி அனுமதி இல்லாமல் கட்ட முடியாது, கட்டி முடித்தாலும் இணக்கச் சான்றிதழ் இல்லாமல் குடியேற முடியாது. சான்றிதழ் தருவதற்கு ஒப்பிட்டுப் பார்ப்பது அனுமதித்த வரைபடத்தோடு. பதாகையில் இருந்த மரப்பலகை முகப்பு எங்கே என்று எந்த அதிகாரியும் கேட்க மாட்டார்.

மலையகத்தில் இதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு. நுவரெலியா, பதுளை, கண்டி உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை அறிக்கை பெற வேண்டும், 2011 தொடக்கம் இது நடைமுறை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவையும், 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலோடு மலைகள் இறங்கியதையும் பார்த்தவர்களுக்கு இந்த அறிக்கை ஏன் என்று விளக்கத் தேவையில்லை. அறிக்கை வெறுமனே ஆம், இல்லை என்று வருவதில்லை. இவ்வளவுக்கு மேல் வெட்டாதே, இங்கே வடிகான் போடு, இந்தச் சரிவிலிருந்து இவ்வளவு தள்ளிக் கட்டு என்று நிபந்தனைகளும் வரலாம். அந்த நிபந்தனைகளால் கட்டடத்தின் ஆழம் மாறலாம், ஒரு மாடி குறையலாம்.

இப்போது வரிசையைப் பாருங்கள். நியாயப்படி அளவை முதலில், பிறகு அறிக்கை, பிறகு பிளான், அனுமதி, கடைசியில் படம். நடைமுறையில் பல இடங்களில் படம்தான் முதலில் வருகிறது, ஏனென்றால் படத்தைக் காட்டித்தான் கடைகளுக்கு அட்வான்ஸ் திரட்ட வேண்டும், அந்த அட்வான்ஸில்தான் அத்திவாரம் வெட்ட வேண்டும். ஆகவே பதாகையில் நிற்கும் கட்டடம், நிலம் அனுமதிக்குமா என்று யாரும் கேட்பதற்கு முன்னரே வரைந்த கட்டடமாக இருக்க இடமுண்டு. என் பார்வையில் படத்தின் தரத்தைவிட முக்கியமான கேள்வி அது வரைந்த திகதி.

வீதியோரக் கட்டடக் கோடும் இதே ரகம். பெரிய வீதிகளில் வீதி அபிவிருத்தி அதிகார சபை குறிக்கும் கோட்டுக்கு முன்னால் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. படத்தில் கடை வாசலில் வரிசையாக நிற்கும் நாலு கார்கள் பல தடவை அந்தக் கோட்டுக்கும் வீதிக்கும் இடையில்தான் நிற்கின்றன. நாளைக்கு வீதி அகலமானால் தரிப்பிடம் போய்விடும்.

## செயற்கை நுண்ணறிவுப் படங்கள்

2022க்குப் பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. மிட்ஜேர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்றவை எழுத்திலிருந்தோ கைக்கீறலிலிருந்தோ நொடிகளில் படம் தருகின்றன. பார்வைக்கு ரெண்டர் மாதிரியே இருக்கும், உள்ளே நடப்பது வேறு. அங்கே மாதிரி இல்லை, அளவு இல்லை, வெளிச்சக் கணக்கும் இல்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியதால் 'கடைத்தொகுதி இப்படித்தான் இருக்கும்' என்ற ஊகம் மட்டும் உண்டு. மாடி எத்தனை அடி என்று கேட்டால் அந்தப் படத்திடம் பதில் கிடையாது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. இரண்டு கோணப் படங்கள் கேட்டு ஜன்னல்களை எண்ணிப் பாருங்கள், ஒன்றில் ஐந்தும் மற்றதில் ஆறும் இருக்கும். படிக்கட்டு எங்கேயோ தொடங்கிச் சுவருக்குள் போய் மறையும். தமிழ் எழுத்துப் பலகை இருந்தால் இன்னும் சுலபம், பாதி எழுத்து தமிழுமில்லை, சிங்களமுமில்லை. யோசனை பிடிக்க, நிறம் தேர்ந்தெடுக்க இந்தக் கருவிகள் நல்லவை, நானே சிபாரிசு செய்வேன். அதைப் பதாகையில் போட்டுக் காசு வாங்குவது வேறு கதை.

## அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

1. காணி உறுதியும் அளவைப் படமும். தோட்டக் காணியிலிருந்து பிரிந்த துண்டுகளில் சிக்கல்கள் அதிகம் என்பதால் காணிப் பதிவகத்தில் தேடுவது கட்டாயம். படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் முதல் இடம் இதற்குத்தான்.

2. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, அதன் திகதி, நிபந்தனைகள். படம் அதற்கு முன் வரைந்ததா, பின் வரைந்ததா?

3. சபை முத்திரை குத்திய குறுக்குவெட்டு வரைபடம். மாடிப்பிளானையும் முகப்பையும் எல்லோரும் காட்டுவார்கள், குறுக்குவெட்டைக் கேட்டால்தான் மலை வெளியே வரும். இயற்கை நிலமட்டம் அதில் ஒரு கோடாக இருக்க வேண்டும், வெட்டிய மட்டம் இன்னொரு கோடாக. தடுப்புச் சுவர் யார் செலவில், எப்போது, உங்கள் கடை திறப்பதற்கு முன்னா பின்னா? வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒரு மேசன் பாஸைக் கூட்டிப் போங்கள், அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

4. உங்கள் கடை எது என்று வரைபடத்தில் இலக்கம் போட்டு ஒப்பந்தத்தோடு இணைத்தல். படத்தில் காட்டிய கண்ணாடி, ஷட்டர், டைல், கிளாடிங் ஒவ்வொன்றும் எழுத்தில் வர வேண்டும், ரகம், தடிப்பு உட்பட. 'படம் விளக்கத்துக்கு மட்டுமே' என்று மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படியானால் ஒப்பந்தத்தில் இல்லாத எதுவும் உங்களுக்கு வாக்களிக்கப்படவில்லை.

5. கழிவறைக் குழி எங்கே? சிரிக்க வேண்டாம். சரிவில் மேல்மட்டத்தில் உள்ள குழியின் தண்ணீர் கீழ்க்கடைச் சுவரில்தான் கசியும்.

## சொந்தக் கடை கட்டுகிறவருக்கு

யாரிடமும் அட்வான்ஸ் வாங்கப் போவதில்லை, உங்கள் காணியில் நீங்களே கடை போடப் போகிறீர்கள் என்றால் பளபளப்பான படம் தேவையில்லை. நிலத்தோடு சேர்த்த சாம்பல் நிற மாதிரி போதும், பெயிண்ட் இல்லாமல், மரம் இல்லாமல். மூன்று கோணம் கேளுங்கள்: எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து, பின்பக்கம் மலையிலிருந்தோ பள்ளத்திலிருந்தோ, அப்புறம் பக்கவாட்டில் வெட்டிய தோற்றம். ஜூன் நடுப்பகுதி, டிசெம்பர் நடுப்பகுதி இரண்டுக்கும் காலை 10 மணி, பின்னேரம் 4 மணி நிழல்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், இடத்தை உங்கள் ஊராகவே வைத்து. மாதிரி தயாராக இருந்தால் இது சில நிமிட வேலை.

வங்கிக்கோ வாடகையாளருக்கோ காட்ட வேண்டிய கட்டம் வந்தால் அதே மாதிரிக்குப் பெயிண்ட் பூசி ஃபோட்டோ மாதிரிப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதனால் வேலை கொடுக்கும்போதே படத்தோடு மாதிரிக் கோப்பையும் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். பலர் படத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் கோப்பைத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள், பிறகு ஒரு ஜன்னலை மாற்ற வேண்டுமென்றால் முழு வேலைக்கும் மறுபடி காசு கேட்பார்கள். கோப்பு கையில் இருந்தால் பிளெண்டர் தெரிந்த ஊர்ப் பையன் ஒருவனே அந்த ஜன்னலை மாற்றித் தருவான், அந்த மென்பொருளுக்குக் காசும் கிடையாது.